கண் இல்லாத கணினி முகத்தைப் பார்ப்பது எப்படி?

கணினிக்குக் கண் கிடையாது. ஆனாலும் முகத்தைப் பார்த்து, "இவர் இன்னார்" என்கிறது! செல்போன் பூட்டைத் திறக்கிறது. விமான நிலையத்தில் ஆளை அடையாளம் காட்டுகிறது.

இதற்குக் "கணினிப் பார்வை" என்று பெயர். இதில் 4 சொற்களைத் தெரிந்துகொண்டால் விஷயம் விளங்கிவிடும்.

பிக்சல்

இந்தப் பத்திரிகையில் உள்ள படம் ஒன்றைப் பூதக்கண்ணாடி வைத்துப் பாருங்கள். புள்ளி புள்ளியாகத் தெரியும். கணினியில் உள்ள படமும் அப்படித்தான். அந்தப் புள்ளிதான் பிக்சல்.

ஒவ்வொரு பிக்சலும் கணினிக்கு ஓர் எண். சாதாரணக் கறுப்பு வெள்ளைப் படத்தில் முழுக் கறுப்புக்கு 0; முழு வெள்ளைக்கு 255. நமக்கு முகம், அதற்கு வெறும் எண்கள்!

1957-ம் ஆண்டில் அமெரிக்க விஞ்ஞானி ரஸ்ஸல் கிர்ஷ், தமது 3 மாதக் குழந்தையின் போட்டோவைக் கணினிக்குள் ஏற்றினார். அகலத்தில் 176 புள்ளிகள். உயரத்தில் 176 புள்ளிகள். மொத்தம் 30 ஆயிரத்து 976.

எந்திரக் கற்றல்

குழந்தைக்கு "இது பூனை, இது நாய்" என்று காட்டிக் காட்டிச் சொல்லித் தருகிறோம் அல்லவா? கணினிக்கும் அப்படியே. படங்களைப் பெயருடன் கொடுக்கிறார்கள். அது தவறாகச் சொன்னால், அதன் உள்கணக்கு சிறிது திருத்தப்படுகிறது. மீண்டும் மீண்டும் திருத்தத் திருத்த, விடை சரியாக வருகிறது. இதுவே எந்திரக் கற்றல்.

2009-ல் பேராசிரியை பெய்-பெய் லீ குழுவினர் வெளியிட்ட "இமேஜ்நெட்" என்ற படத் தொகுப்பு பின்னர் 1 கோடியே 40 லட்சத்தையும் தாண்டியது. இன்ன படம் என்று பார்த்துச் சொன்னவர்கள் மனிதர்களே!

பாரபட்சம்

காட்டிய படங்களில் ஒரு சாராரே மிகுதியாக இருந்தால்? மற்றவர்களைப் பார்க்கும்போது கணினி தடுமாறும். இதுதான் பாரபட்சம்.

2018-ல் ஜாய் புவலம்வினி, டிம்னிட் கெப்ரு என்ற 2 பெண் ஆராய்ச்சியாளர்கள், ஆணா, பெண்ணா என்று முகம் பார்த்துச் சொல்லும் 3 கம்பெனிகளின் கணினி முறைகளைச் சோதித்தார்கள். வெளுத்த நிற ஆண்களிடம் தவறு 100-க்கு 1 கூட எட்டவில்லை. கருநிறப் பெண்களிடமோ, ஒரு முறையில் 100-க்கு 34-க்கும் மேல்!

பொருத்தம்

போலீசார் தேடும் முகத்தைக் கொடுத்தால், தன்னிடம் உள்ள படங்களில் அதற்கு நெருங்கியது எது என்று கணினி காட்டும். அதுவே பொருத்தம். "இதற்கு நெருங்கியது இது" என்பதற்கும் "இவரேதான்" என்பதற்கும் வெகு தூரம்.

இதை மறந்ததால் வந்த விபரீதத்தைக் கேளுங்கள். அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரில் ஒரு கடையில் கைக்கடிகாரங்கள் திருட்டுப் போயின. கடைக் கேமராவில் பதிந்த மங்கலான முகத்துக்குக் கணினி ஒரு பொருத்தம் காட்டியது. 2020 ஜனவரியில் அந்தக் கறுப்பர் கைதானார். மனைவி, குழந்தைகள் எதிரே கைவிலங்கு! சுமார் 30 மணி நேரம் காவலில் இருந்தார். அவர் குற்றமற்றவர்.

அவர் வழக்குத் தொடுத்தார். 2024-ல் சமரசம் ஏற்பட்டது. அதன்படி, கணினி காட்டிய முகத்தை மட்டும் நம்பி டெட்ராய்ட் போலீசார் யாரையும் கைது செய்யக் கூடாது. வேறு ஆதாரமும் வேண்டும்.