கடிக்கிற ஃபெரெட்டைக் கைக்குப் பழக்குவது

பனிக்காலம் வந்தால் இங்கிலாந்துக் கிராமங்களில் சிலர் தோளில் ஒரு மரப்பெட்டியும் கையில் ஒரு கட்டு வலையுமாக வயல்வேலி ஓரம் கிளம்புவார்கள். பெட்டிக்குள் இருப்பது ஃபெரெட். நீண்டு மெலிந்த உடம்பு, குட்டைக் கால். பார்த்தால் நம் கீரிக்குத் தம்பி போலிருக்கும், ஆனால் நெருங்கிய உறவு கிடையாது. ஐரோப்பாவில் திரியும் போல்கேட் என்ற காட்டு விலங்கை மனிதன் வீட்டில் வைத்து வளர்த்ததில் உண்டான இனம் இது. ஸ்பெயினில் இப்படியொரு பிராணியின் வாயைக் கட்டி முயல் வளைக்குள் விடுவதைப் பற்றிக் கிரேக்கரான ஸ்ட்ராபோ ஏறத்தாழ 2,000 ஆண்டுகளுக்கு முன்பே எழுதியிருக்கிறார்.

வேட்டை முறை எளிது. வளையின் ஒவ்வொரு வாயிலும், நம் பாட்டிமார் இடுப்பில் செருகும் சுருக்குப்பை போன்ற வலையை விரித்து, அதன் கயிற்றை முளைக்குச்சியில் கட்டித் தரையில் அடிப்பார்கள். ஒரு வாய் வழியாக ஃபெரெட்டை உள்ளே விடுவார்கள். அதன் வாடை பட்டதும் முயல் வேறொரு வாய் வழியாகப் பாயும். பாய்ந்த வேகத்திலேயே வலை சுருங்கிவிடும். ஃபெரெட் முயலைக் கவ்விக்கொண்டு வரவேண்டியதில்லை. விரட்டினால் போதும். (நம் ஊரில் இந்த வித்தை செல்லாது. நம் காட்டுமுயல் வளை தோண்டுவதில்லை, புல்லில் பதுங்கிக் கிடப்பது. 1972-ஆம் ஆண்டு வனவிலங்குச் சட்டப்படி அதை வேட்டையாடவும் கூடாது.)

பொந்தைக் கண்டால் நுழைய ஃபெரெட்டுக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். அது பிறவிக் குணம். நுழைந்தது திரும்பி வந்து நம் கையில் ஏற வேண்டுமே, பழக்கம் என்பதெல்லாம் அதற்குத்தான். குட்டிகள் கண் திறப்பதே நான்கைந்து வாரத்தில். அப்போதிலிருந்து தினமும் தூக்கி வளர்த்தால் சிக்கல் இல்லை. கொட்டகையில் அடைத்து, கதவிடுக்கில் தீனி போட்டு, ஒருநாளும் தொடாமல் வளர்த்த பெரிய ஃபெரெட்டை வாங்கி வருகிறவருக்குத்தான் சோதனை.

அது கடிக்கும். கோபத்தில் அல்ல, பயத்தில். அதற்குப் பார்வை மந்தம். மூக்கையும் காதையும் நம்பி வாழ்வது. மேலிருந்து சட்டென்று இறங்கும் கை அதற்குப் பருந்தின் நகம். இறைச்சி வாடை வீசும் விரலோ வெறும் தீனி. பயந்து கடித்தால் வெடுக்கென்று கடித்துப் பின்வாங்கும். தீனி என்று நினைத்தால் கவ்வியதை விடாது. எந்தக் கடி என்று தெரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது.

வாங்கி வந்த முதல் சில நாள் தொடவே வேண்டாம். நீங்கள் உடுத்திக் கழற்றிய பழைய சட்டையை அது தூங்கும் பெட்டியில் போட்டுவையுங்கள். தீனி வைக்கும்போதெல்லாம் நாக்கைச் சொடுக்குவதோ சீட்டியடிப்பதோ, ஏதாவது ஒரே ஒலியை எழுப்புங்கள். பிறகு நீளக் கரண்டியில் முட்டை மஞ்சள்கருவைத் தொட்டு நீட்டலாம். அது பதறாமல் நக்கத் தொடங்கிய பின், மூடிய முஷ்டியின் புறங்கையில் அதே மஞ்சள்கருவைத் தடவிக் கொடுங்கள். விரல் நுனியை நீட்டுவது கடியைக் கேட்டு வாங்குவது.

தூக்குவதற்கு ஏற்ற நேரம், தின்றுவிட்டு அரைத்தூக்கத்தில் இருக்கும்போது. பக்கவாட்டிலிருந்து கையைக் கொண்டுபோய்த் தோளைச் சுற்றிப் பிடித்து, மறுகையால் பின்னங்காலைத் தாங்குங்கள். சில நொடி போதும். மறுநாள் இன்னும் கொஞ்சம்.

கடித்துவிட்டால் கையை உதறி இழுக்காதீர்கள், சதை கிழியும். நான்கு காலும் தரையில் படும்படி தாழ்த்திப் பிடித்தால் பெரும்பாலும் விட்டுவிடும். விடாவிட்டால் மேலே குழாய்த் தண்ணீரை ஓடவிடலாம். விட்ட கையோடு கூண்டில் போட்டுவிடவும் கூடாது. கடித்தால் தொல்லை தீரும் என்று கற்றுக்கொள்ளும். அது அடங்கும்வரை பொறுத்திருந்து பிறகு உள்ளே விடுங்கள். மூக்கில் சுண்டித் திருத்துவது பழையவர்கள் வழக்கம். கையே எதிரி என்று நம்பும் பிராணிக்குச் சுண்டும் விரலால் அதை உறுதிசெய்வானேன்? தடித்த தோல் கையுறையை முதல் இரண்டொரு நாள் போட்டுக்கொள்ளலாம். நீடித்தால் அது கையுறையைத்தான் பழகும், உங்களை அல்ல. சில ஃபெரெட்டுகளுக்கு இரண்டு வாரம் போதும், சிலதற்கு மாதக்கணக்காகும்.

பெட்டை ஃபெரெட்டாக இருந்தால் ஒரு கவனம். இணை சேராவிட்டால் அதற்குப் பருவ வேட்கை தானாக அடங்குவதில்லை. அப்போது சுரக்கும் ஹார்மோன் நாள்பட எலும்பு மஜ்ஜையைக் கெடுத்து, ரத்தசோகையில் கொல்லவும் கூடும். கால்நடை மருத்துவரிடம் அதற்கு ஊசி போடலாம், அல்லது விந்துக்குழாய் அறுவை செய்த ஆண் ஃபெரெட்டோடு சேர்க்கலாம்.

கைக்கு வந்த பின் புல்தரையில் சில குழாய்களைப் போட்டு நுழைந்து வெளிவரவிட்டு, ஒவ்வொரு முறையும் அந்தப் பழைய ஒலியோடு தீனி கொடுங்கள். முதல் வேட்டைக்கு இரண்டு மூன்று வாய் மட்டுமுள்ள சிறிய வளை நல்லது. இங்கேதான் பலர் அவசரப்பட்டுக் கெடுப்பது: மூக்கு தெரிந்ததும் பாய்ந்து பிடிப்பார்கள். ஃபெரெட் அதை மறக்காது. அடுத்தமுறை வாய்வரை வந்து எட்டிப் பார்த்துவிட்டு உள்ளே நழுவும். இருட்டும்வரை இந்தக் கண்ணாமூச்சி நடக்கும். முழு உடம்பும் வெளியே வரட்டும். பிறகு தாழ்வாகக் கையை நீட்டி நிதானமாக எடுங்கள்.

பட்டினி போட்டால் நன்றாக வேட்டையாடும் என்பது தவறான எண்ணம். பசித்த ஃபெரெட் வளைக்குள்ளேயே முயலைக் கொன்று, தின்று, தூங்கிவிடும். அதைத் தடுக்கத்தான் ஒரு காலத்தில் வாயைக் கட்டினார்கள். உதட்டைத் தைத்த கொடுமையும் உண்டு. அளவாகத் தீனி போட்டால் இதெல்லாம் தேவையே இல்லை. இப்போது கழுத்துப்பட்டையில் சிறு ரேடியோ கருவி கட்டுகிறார்கள். மேலே கையில் வைத்திருக்கும் பெட்டி, அது எங்கே, எத்தனை அடி ஆழத்தில் படுத்திருக்கிறது என்று காட்டும். அங்கே தோண்டி எடுத்துவிடலாம்.

கருவி இல்லாமல் பொழுது சாய்ந்துவிட்டால், வைக்கோலும் கொஞ்சம் இறைச்சியும் போட்டு, அது வந்த பெட்டியையே வளைவாயில் திறந்து வைத்துவிட்டு வீடு திரும்புங்கள். பழகிய ஃபெரெட் என்றால், காலையில் பெரும்பாலும் அதற்குள்தான் சுருண்டு தூங்கிக்கொண்டிருக்கும்.