கூடைக்குப் போகும் வழி

நம்ம கோவில்பட்டி ஹாக்கிக்குப் பேர் போன ஊர். "ஆட்டத்துல பெரிய ஆளாயிட்டா அரியர் எதுக்குடா எழுதணும்?" என்று கேட்கிறவர்கள் நம்மிலும் உண்டு. அவர்களுக்காக ஒரு கூடைப்பந்து வீரரின் கதை.

பஞ்சாபின் பல்லோ கே கிராமத்து விவசாயி மகன் சத்னாம் சிங். உயரம் 7 அடி 2 அங்குலம்! 2010-ல், 14 வயதில், உதவித்தொகையோடு அமெரிக்காவின் ஐ.எம்.ஜி. அகாடமிக்குப் போனார்.

அங்கே கல்லூரி அணியில் ஆடித்தான் பெரும்பாலோர் என்.பி.ஏ. என்ற தொழில்முறை லீகுக்குப் போகிறார்கள். கல்லூரி அணிக்கோ ஆட்டம் மட்டும் போதாது. பள்ளியில் 16 முக்கியப் பாடங்களை முடித்து, குறிப்பிட்ட மார்க்கும் எடுத்திருக்க வேண்டும். ஆங்கிலம் தெரியாமல் போன சத்னாமுக்கு அந்தக் கதவு திறக்கவில்லை.

2015-ல் டல்லாஸ் மாவரிக்ஸ் அவரை 52-வது ஆளாக எடுத்தது. இந்தியாவில் பிறந்தவர்களில் அவரே முதல்வர். பெருமைதான்! ஆனால் என்.பி.ஏ. லீக் ஆட்டம் ஒன்றில்கூட இறங்கவில்லை. துணை லீகில்தான் ஆடினார். 2020-ல் ஊக்கமருந்துப் புகாரில் 2 ஆண்டுத் தடை. பின்னர் தொழில்முறை மல்யுத்தத்துக்குப் போய்விட்டார்.

கல்லூரியில் நாலு வருஷம் ஆடியிருந்தால் அவர் ஆட்டம் இன்னும் பழுத்திருக்குமோ என்னவோ! நாம் மட்டையையும் கீழே வைக்க வேண்டாம்; புத்தகத்தையும் கீழே வைக்க வேண்டாம்.