நிலத்தடி நீரும் கணனி வரையும் கோடுகளும்

நிலத்துக்குக் கீழே நாம் நேரில் அறிவது கிணறுகளும் துளைகளும் காட்டுவதை மட்டுமே. அவற்றுக்கு இடைப்பட்டது பெரும்பாலும் ஊகம். அந்த ஊகத்தைக் கணனி நிரல்கள் இன்று சில நொடிகளில் வண்ணப்படமாக்கித் தருகின்றன. அப்படத்தை எவ்வளவு தூரம் நம்பலாம் என்பதே கேள்வி. யாழ்ப்பாணக் குடாநாட்டை உதாரணமாகக் கொள்வோம்.

வற்றாத ஆறு எதுவுமில்லாத குடாநாட்டின் நிலத்தடி நீர் பெரும்பாலும் மயோசீன் காலச் சுண்ணக்கல்லின் வெடிப்புகளிலும் குகைகளிலும் தங்கியிருக்கிறது. மழை தந்த இந்த நன்னீர், அடியிலுள்ள உவர்நீரின்மேல் வில்லைபோல மிதக்கிறது. நிலாவரைக் கிணற்றில் மேலே நன்னீரும் ஆழத்தில் உவர்நீரும் இருப்பது இதனாற்றான். 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஹொலண்டில் கைபனும், 1901இல் ஜேர்மனியில் ஹெர்ஸ்பேர்க்கும் கூறிய விதியின்படி, நீர்மட்டம் கடல் மட்டத்துக்கு மேல் 1 அடி நின்றால், கீழே ஏறக்குறைய 40 அடிக்கு நன்னீர் இருக்கும். ஆகவே ஒரு கிணற்றடியின் நில உயரத்தை 1 அடி கூட்டி எழுதிவிட்டால், இல்லாத 40 அடி நன்னீர் படத்தில் தோன்றிவிடும்.

நிரல் செய்வது என்ன? கிணறுகளின் அமைவிடம், நீர்மட்டம், உப்புத்தன்மை ஆகியவற்றை அட்டவணையாகக் கொடுத்தால், பைதன் மொழியில் எழுதிய சில வரிகள் நிலத்தைச் சிறு சதுரங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் அயற்கிணறுகளிலிருந்து ஒரு பெறுமானத்தைக் கணிக்கின்றன. அருகருகே உள்ளவை ஒத்திருக்கும் என்பதே இங்குள்ள எடுகோள். சுண்ணக்கல் நிலத்தில் இது எப்போதும் பொருந்தாது. குகைவழி ஒன்று தூரத்துக் கிணறுகளை இணைக்கலாம். அயல் வளவுக் கிணறுகள் இரண்டும் தொடர்பற்றிருக்கலாம்.

நான் விரிவுரையாளனாக இருந்த காலத்தில் மாணவர்கள் சமகோடுகளைப் பென்சிலால் வரைந்தார்கள். தரவு உள்ள இடத்தில் தொடர்கோடு, இல்லாத இடத்தில் முறிகோடு. கணனியோ நாம் கேட்டாலன்றி முறிகோடு போடாது.

கேட்பதற்கு வழி உண்டு. தென்னாபிரிக்கச் சுரங்கப் பொறியியலாளர் கிறிஜ் 1951இல் தொடக்கிவைத்து, பிரான்சின் மதெரோன் 1960களில் கணிதமாக வளர்த்த 'கிறிஜிங்' முறை, மதிப்பீட்டோடு அதன் மாறற்றிறனையும், அதாவது அது எவ்வளவு பிசகக்கூடும் என்பதையும் தருகிறது. பைதனில் இதற்கான 'பைகிறிஜ்' நிரற்றொகுதி இவ்விரண்டையும் ஒருங்கே தரும். ஆனால் அச்சுக்கு வருவது பெரும்பாலும் முதற்படமே. இரண்டாவது படமும் குகைகளை அறியாது. எனினும் கிணறுகள் எங்கே அருகியுள்ளன என்பதைக் காட்டிவிடும்.

இது வெறும் தொழில்நுட்பப் பிரச்சினை அல்ல. 1990இல் மக்கள் இடம்பெயர்ந்தபின் வலிகாமம் வடக்கின் பெரும்பகுதி நீண்டகாலம் உயர்பாதுகாப்பு வலயமாக இருந்தது. நுழைய முடியாத இடத்துக் கிணற்றை அளக்கவும் முடியாது. அக்காலத் தரவைக் கொண்டு இன்று படம் வரைந்தாலும் நிரல் அங்கே நிறம் பூசிவிடும். சுன்னாகக் கிணறுகளில் எண்ணெய் கலந்த வழக்கில், இலங்கையின் உயர் நீதிமன்றம் 2019இல் நட்டஈடு வழங்குமாறு தீர்ப்பளித்தது. இத்தகைய வழக்குகளில் எந்த வளவு எல்லைக்கு உள்ளே, எது வெளியே என்பதை ஒரு கோடு தீர்மானிக்கக்கூடும். அக்கோடு அளந்ததா, ஊகித்ததா?

ஆகவே நிலத்தடி நீர்ப் படம் எதுவாயினும் மூன்றைக் கேட்போம்: அளந்த கிணறுகளின் புள்ளிகள், அளந்த திகதிகள், பிழையின் படம். இவை இல்லாத படத்தை வைத்து நம் ஊர்த் தண்ணீரைப் பற்றி முடிவெடுக்கலாமா என்பதை வாசகர்கள் விவாதிக்க வேண்டும்.