கோடையில் உருட்டிய வடகம்

திருவள்ளூர் மாவட்டத்தின் வடகிழக்கில், ஆரணியாற்றின் கரையில் அமைந்த பொன்னேரியின் வீட்டுச் சமையலை அறிய விரும்புவோர், விருந்து இலையைக் காட்டிலும் சித்திரை வெயில் ஏறும் நாட்களில் மொட்டை மாடிகளில் விரிக்கப்படும் பழைய வேட்டிகளையே முதலில் பார்க்க வேண்டும். ஓராண்டுக்கான குழம்பின் மணம் அந்த வேட்டிகளின்மேல்தான் உருவாகிறது. தொண்டை மண்டலம் என்று முன்பு வழங்கிய வடதமிழகப் பகுதி முழுவதற்கும் உரிய தாளிப்பு வடகம், ஏரிப் பாசன நெல்லும் பழவேற்காட்டு மீனும் ஒருசேரக் கிடைக்கும் இவ்வட்டாரத்தின் அடுக்களைகளில் தனியிடம் பெற்றிருக்கிறது.

வடகம் என்னும் சொல் தமிழ்நாட்டில் இரு பொருளில் வழங்குகிறது. அரிசிக் கூழைப் பிழிந்து காயவைத்து, பின்னர் பொரித்துச் சோற்றுக்குத் தொட்டுக்கொள்வதைச் சில பகுதியினர் வடகம் என்பர். வடமாவட்டங்களிலோ அச்சொல் பெரும்பாலும், சின்ன வெங்காயத்தையும் பூண்டையும் உரலில் ஒன்றிரண்டாக இடித்து, உளுத்தம்பருப்பு, கடுகு, சீரகம், வெந்தயம், கறிவேப்பிலை, மஞ்சள், உப்பு ஆகியவற்றைக் கலந்து உருண்டைகளாக உலர்த்திய தாளிப்புப் பொருளையே குறிக்கும்.

இதைச் செய்யும் முறை ஒரே நாளில் முடிவதன்று. இடித்த கலவையை ஓரிரவு மூடி வைக்கும்போது, உப்பு வெங்காயத்திலிருந்து நீரை வெளியே இழுக்க, கலவை இலேசாகப் புளிப்பேறுகிறது. மறுநாள் காலையில் அதை உருட்டி வெயிலில் வைத்து, மாலையில் அதே உருண்டைகளை உதிர்த்து, பாத்திரத்தின் அடியில் தேங்கிய நீரோடு மீண்டும் பிசைந்து மூடிவிடுகின்றனர். வெங்காயத்தின் எடையில் ஏறத்தாழ 85 விழுக்காடு நீரே என்பதால், உருட்டியதை உதிர்க்காமல் விட்டுவிட்டால் மேற்புறம் காய்ந்து இறுகி உள்ளே ஈரம் தங்கும்; பூசணம் பிடிப்பது அந்த ஈரத்தில்தான். நாள்தோறும் உதிர்த்து உருட்டும் வழக்கம் வெறும் சடங்கு அன்று என்பது இதனால் விளங்கும். நீர் பெரிதும் வற்றிய பின், விளக்கெண்ணெய் (ஆமணக்கு எண்ணெய்) தொட்டு இறுதியாக உருட்டுவது பூச்சி அண்டாமல் இருப்பதற்காக. வெயிலின் கடுமையைப் பொறுத்து ஒரு வாரமோ பத்து நாளோ காய்ந்து, குலுக்கினால் கல்போல் ஒலிக்கும் நிலையை அடைந்த உருண்டைகள் ஜாடிக்குள் போய்ச் சேர்கின்றன.

வெங்காயமும் பூண்டும் இடிபடும்போது செல்கள் உடைந்து, அதுவரை தனித்தனியே இருந்த நொதியும் கந்தகச் சேர்மங்களும் கலந்து கார நெடியை உண்டாக்குகின்றன. அந்த நெடி நாட்கணக்கில் வெயிலில் அடங்கி, இனிப்பும் கசப்பும் கலந்த ஆழ்ந்த மணமாக மாறுவதால், பச்சை வெங்காயத்தை எவ்வளவு வதக்கினாலும் வடகத்தின் வாசம் வருவதில்லை.

இதே வெயிலில்தான் கருவாடும் காய்கிறது. கிழக்குக் கடற்கரையில் ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, மீன்கள் இனப்பெருக்கம் செய்யும் காலம் என்பதால், விசைப்படகுகள் கடலுக்குச் செல்லத் தடை உள்ளது. ஆகவே பச்சை மீனின் வரத்து குறைந்து விலை ஏறும் நாட்களில், உலர்த்தி வைத்த நெத்திலியும் பிற கருவாடும் வீட்டுக்குக் கைகொடுக்கின்றன. கடல்நீரும் ஆற்றுநீரும் கலக்கும் உப்பங்கழியான பழவேற்காடு ஏரி, பரப்பின் பெரும்பகுதி ஆந்திரத்தில் இருந்தாலும், பொன்னேரிச் சந்தைக்கு மடவை, இறால், நண்டு ஆகியவற்றைத் தந்து வருவது. அங்குள்ள மீனவர்கள் நீர்ப்பரப்பைப் பகுத்துக்கொண்டு முறைவைத்து மீன்பிடிக்கும் ஏற்பாட்டுக்குப் 'பாடு' என்று பெயர். ஒரு வீட்டின் மீன்குழம்பு இன்று மடவையா இறாலா என்பது, அவ்வீட்டின் விருப்பத்தோடு ஏரியின் நிலையையும் சார்ந்தே அமைகிறது.

ஆடி மாதத்தில் அம்மன் கோயில்களில் கூழ் ஊற்றும்போது வடகமும் கருவாடும் ஒன்றுகூடுகின்றன. ஆரணியாற்றங்கரையிலேயே உள்ள பெரியபாளையம் பவானியம்மன் கோயில் இத்திருவிழாவுக்குப் பெயர்பெற்றது. கேழ்வரகு மாவை முந்தைய நாளே கரைத்துப் புளிக்கவைத்து, அரிசி நொய்யைக் குழைய வேகவைத்து அதனோடு சேர்த்துக் காய்ச்சும் கூழுக்கு வடகம் தாளித்த கருவாட்டுக் குழம்பும் முருங்கைக்கீரையும் துணை. 100 கிராம் கேழ்வரகில் சுமார் 350 மில்லிகிராம் சுண்ணாம்புச் சத்து உண்டு என்பதை இன்றைய உணவியல் கணக்கிட்டுச் சொல்கிறது. கூழ் ஊற்றிய தாய்மார்களோ அதை உடம்புக்குக் குளிர்ச்சி என்ற ஒரு சொல்லில் அடக்கினர்.

இவற்றுக்கெல்லாம் அளவு என்ன என்று கேட்டால், கைப்பிடி, கண்ணளவு, பதம் என்ற சொற்களே விடையாக வரும். பதம் என்பது பொருள் சரியான நிலையை எய்திவிட்டதைக் கண்ணாலும் மூக்காலும் விரலாலும் அறிவது; அந்த அறிவு ஒருவரிடம் படிந்துவிட்டால் அதைக் கைப்பக்குவம் என்கிறோம். இத்தகைய அறிவை எழுத்தில் கொண்டுவர முடியுமா என்ற கேள்விக்குத் தமிழில் துணிந்து விடை தந்தவர் எஸ். மீனாட்சி அம்மாள். இளம் வயதிலேயே கணவரை இழந்த அவர், உறவினர் பலரும் சமையல் குறிப்புகளைக் கேட்டு வந்த நிலையில், அவற்றை நூலாக்கும்படி மாமா கே. வி. கிருஷ்ணசாமி ஐயர் தந்த ஊக்கத்தால் 1951-இல் 'சமைத்துப் பார்' நூலை வெளியிட்டார். தாய்வீட்டை விட்டு வெகுதூரம் சென்ற மணப்பெண்களுக்குச் சீராகக் கொடுக்கப்பட்ட அந்நூல், அருகில் கேட்டறிய ஆள் இல்லாதவருக்கு ஒரு மூத்தவளின் இடத்தை நிரப்பியது. அது ஒரு பிராமண இல்லத்தின் மரக்கறிச் சமையல். மடவை மீன்குழம்பும் கருவாடும் அதில் இடம்பெற வழியில்லை. ஆற்றோர, ஏரியோரக் குடும்பங்களின் கைப்பக்குவமும் அதே அக்கறையோடு ஏட்டில் ஏறுவது அவசியம்; தயக்கத்தோடு சொல்வதற்கு இதில் ஒன்றுமில்லை.

ஏட்டில் ஏறினாலும், வடகத்துக்கு மாடியும் பத்து நாள் வெயிலும் காக்கையை விரட்ட ஓர் ஆளும் வேண்டும். கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்சாலைகளில் ஷிப்டு முறையில் வேலை செய்து, வாடகை அறைகளில் தங்கும் இளம் குடும்பங்களுக்கு இம்மூன்றும் சேர்ந்து வாய்ப்பது அரிது. கடைகளில் வடகம் கிடைக்கிறது என்றாலும், ஊரில் தாயோ மாமியாரோ உருட்டியதில் ஒரு பாட்டிலை வாங்கிவரும் வழக்கம் இன்னும் அற்றுப்போகவில்லை. இரவு ஷிப்டு முடிந்து வந்தவர் வைக்கும் கீரைக் கடைசலுக்குக்கூட, நல்லெண்ணெய் மிதமாகக் காய்ந்ததும் பாதி உருண்டையை உதிர்த்துப் போட்டு, கடுகு வெடித்து உளுந்து சிவக்கும் வரை மட்டும் பொறுத்தால் போதும். ஒரு கணம் தாமதித்தால் வடகம் கருகிக் கசந்துவிடும் என்பதால், அடுப்பை அணைத்துவிட்டுச் சட்டியின் சூட்டிலேயே பொரியவிடுவது கைதேர்ந்தவர்களின் முறை.