ஓடிய இடம் வேறு, ஊற்றெடுத்த இடம் வேறு



"மௌலவி, துஆக் கேட்கும்போதெல்லாம் அழுகைதான் வருகிறது. ஈமான் குறைந்துவிட்டதா?" பெண்களுக்கான பயான் முடிந்ததும் திரைக்கு அப்பாலிருந்து இந்தக் கேள்வி அடிக்கடி வரும். கணவரைப் பறிகொடுத்தவர், வெளிநாடு போன மகனின் தகவல் தெரியாதவர், வீட்டு வாடகைக்கு வழியின்றித் தவிப்பவர் என்று கேட்பவர்தான் மாறுகிறார்.

இல்லை சகோதரியே. மகன் யூஸுபைப் பிரிந்த துயரத்தில் யஃகூப் நபி (அலை) அவர்களின் கண்கள் வெளுத்தே போயின. நமது நாயகம் (ஸல்) அவர்களும் தம் மகன் இப்ராஹீம் குழந்தையாக வபாத்தானபோது கண்ணீர் வடித்தார்கள். அழுகை வேறு, அவநம்பிக்கை வேறு. அழுத யஃகூப் நபிதான் மற்றப் பிள்ளைகளிடம், யூஸுபையும் அவர் தம்பியையும் போய்த் தேடும்படி சொன்னார்கள்.

அன்னை ஹாஜரா (அலை) அவர்களை எண்ணிப் பாருங்கள். பால்குடி மறவாத பிள்ளை. ஆளும் இல்லை, நீரும் இல்லை. கணவர் திரும்பி நடக்கிறார். இது அல்லாஹ்வின் கட்டளையா என்று கேட்டார்கள். ஆம் என்றதும், அப்படியானால் அவன் எங்களைக் கைவிடமாட்டான் என்று அமைதியானார்கள். ஆனால் தோற்பையில் தண்ணீர் தீர்ந்து பிள்ளை துடித்தபோது, அந்த நம்பிக்கையைச் சொல்லிக்கொண்டு உட்கார்ந்திருக்கவில்லை. ஸஃபாவில் ஏறினார்கள், மர்வாவுக்கு ஓடினார்கள், ஏழு தடவை. ஒரு தடவைக்கு ஏறத்தாழ 450 மீற்றர். மொத்தம் 3 கிலோமீற்றருக்கு மேல். ஆறாவது தடவையிலும் கண்ணுக்கு ஒன்றும் தென்படவில்லை.

ஸம்ஸம் ஸஃபாவிலும் ஊறவில்லை, மர்வாவிலும் ஊறவில்லை. விட்டுவந்த பிள்ளையின் பக்கத்தில் ஊறியது. அதற்காக அந்த ஓட்டம் வீண் என்று யாராவது சொல்வார்களா? ஹஜ்ஜுக்கும் உம்ராவுக்கும் போகும் ஆண்களெல்லாம், மன்னர்கள் உட்பட, அந்தத் தாயின் காலடியைப் பின்பற்றித்தான் இன்றும் ஸஃயு செய்கிறார்கள். எங்கள் ஆண்களுக்கு இது அவ்வளவாக நினைவுக்கு வருவதில்லை.

எங்கள் நாட்டிலும் அப்படி ஓடிய தாய்மார் இருக்கிறார்கள். 1990 ஒக்டோபரில் வடக்கு முஸ்லிம்கள் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டார்கள். யாழ்ப்பாணத்தில் ஒக்டோபர் 30ஆம் திகதி ஜின்னா மைதானத்துக்கு அழைத்து, இரண்டு மணி நேர அவகாசம் கொடுத்தார்கள். பெண்களின் காதிலும் கழுத்திலும் கிடந்த நகைகளும் பறிபோயின. மன்னார், முல்லைத்தீவு, கிளிநொச்சி என்று எல்லாப் பக்கத்திலிருந்துமாக ஏறக்குறைய 75,000 பேர். பெரும்பாலானோர் புத்தளம் பக்கம் வந்து சேர்ந்தார்கள்.

அன்று புத்தளத்து மக்கள் வெறுங்கையோடு வந்து, "ஸப்ர் செய்யுங்கள்" என்று சொல்லிவிட்டுப் போகவில்லை. பள்ளிவாசலையும் பாடசாலையையும் திறந்துவிட்டார்கள், சோறு சமைத்தார்கள். (பசித்த வீட்டில் ஸப்ரைப் பற்றி மட்டும் பேசிவிட்டு வருபவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.) பிறகு கிடுகுக் குடிசைகள் எழுந்தன. கடையும் காணியும் இழந்த ஆண்கள் பலர் ஒடிந்துபோய் இருந்தபோது, வீட்டுவாசலைத் தாண்டிக் கூலிக்குப் போயறியாத பெண்கள் கற்பிட்டிப் பக்கத்து வெங்காயத் தோட்டங்களுக்குக் கூலிக்குப் போனார்கள். அடுத்த மாதம் ஊருக்குப் போகலாம் என்ற எண்ணத்திலேயே வருடங்கள் கழிந்தன. ஆனாலும் பிள்ளைகளின் பள்ளிக்கூடத்தை நிறுத்தவில்லை.

அவர்கள் துஆக் கேட்டது ஊர் திரும்புவதற்கு. 2009இல் போர் முடிந்த பிறகு சிலர் போனார்கள். சோனகத் தெருவில் கூரையற்ற சுவர்களுக்குள் மரம் வளர்ந்திருந்தது. பலர் புத்தளத்திலேயே தங்கிவிட்டார்கள். கிடுகுக் குடிசையில் விளக்கு வைத்துப் படித்த பிள்ளைகளில் இன்று ஆசிரியர்கள் இருக்கிறார்கள், சட்டத்தரணிகள் இருக்கிறார்கள். அந்த உம்மாமாரில் சிலர், தஹஜ்ஜுதில் யாழ்ப்பாணத்தையும் மன்னாரையும் இன்னும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறார்கள்.