‘அது’ என்று சொல்லாதீர்கள்

‘அலி’, ‘ஒன்பது’ என்பவை வசைகள் என்று இப்போது பலரும் ஒத்துக்கொள்கிறார்கள். தமிழகத்தில் ‘அரவாணி’ போய்த் ‘திருநங்கை’ வந்தது. எங்களிடமும் அதுவே புழங்குகிறது. ‘திரு’ என்று ஏற்றிவைப்பது எதற்கு, மனிதராகப் பார்த்தால் போதாதா என்று கேட்பவர்கள் அவர்களுக்குள்ளேயே உண்டு. அந்த வாதம் நடக்கட்டும்.

எனக்கு அதைவிட உறுத்துவது ‘அது வருது’ என்ற பேச்சு. தொல்காப்பியம் பேடியை உயர்திணையில் வைத்தது. நாங்கள்தான் அஃறிணைக்கு இறக்கிவிட்டோம்.

சோதனைச் சாவடியில் அடையாள அட்டையை நீட்டும்போது நெஞ்சு எப்படி அடிக்கும் என்பது எங்களுக்குத் தெரியும். அட்டையில் ஆண், தோற்றத்தில் பெண் என்று நிற்பவரின் நிலையை நினைத்துப் பாருங்கள். 2016இல் சுகாதார அமைச்சின் சுற்றறிக்கை, பாலின அங்கீகாரச் சான்றிதழ் பெற்றுப் பிறப்புப் பதிவைத் திருத்த வழி திறந்தது.

எந்தச் சொல் என்று தெரியாவிட்டால் அவரிடமே கேளுங்கள். அதுவரை ‘அவர்’ இருக்கிறது. ஆண், பெண் இரண்டுக்கும் பொதுவானது.