‘எனக் கூறப்படுகிறது’: சொன்னவர் இல்லாத சொல்

ஒரு தொழிலாளிக்கு விளக்கம் கேட்டு வருகிற கடிதத்தில் இப்படி ஒரு வாக்கியம் இருப்பதாக வைத்துக்கொள்வோம்: ‘யூ ஆர் ரிப்போர்ட்டட் டு ஹேவ் இன்ஸ்டிகேட்டட் யுவர் கோ-வொர்க்கர்ஸ்.’ அதற்குக் கீழே தமிழ்: ‘தாங்கள் சக தொழிலாளர்களைத் தூண்டிவிட்டதாகத் தெரியவருகிறது.’ ஓசூர் சிப்காட் பக்கம் வேலை பார்த்தவர்களுக்கு இந்தக் குரல் புதிதல்ல. தூண்டிவிட்டவர் யார் என்பதில் வாக்கியத்துக்குச் சந்தேகமே இல்லை: ‘தாங்கள்’. போய்ச் சொன்னவர் யார்? சூப்பர்வைசரா, பக்கத்து மெஷின்காரரா, அல்லது யாருமே சொல்லவில்லையா? வாக்கியத்தில் அவருக்கு இடம் ஒதுக்கப்படவில்லை. இந்தக் காலி இடம் எப்படி உருவாகிறது, அதில் யார் ஒளிந்துகொள்கிறார்கள் என்பதுதான் நம் கேள்வி.

1

ஸே, பிலீவ், ரிப்போர்ட், அலெஜ், திங்க் முதலியவற்றை ஆங்கில இலக்கணம் செய்தியறிவிக்கும் வினைகள் என்று ஒரு வகையாகப் பிரிக்கிறது. இவற்றைச் செயப்பாட்டில் வைக்க இரண்டு வழி உண்டு. ‘இட் இஸ் ஸெட் தட் ஹீ...’ என்பது ஒன்று. இங்கே எழுவாயின் நாற்காலியில் ‘இட்’ என்கிற பொருளற்ற பொம்மை உட்கார்ந்திருக்கிறது. ‘ஹீ இஸ் ஸெட் டு...’ என்பது மற்றொன்று. இதில் பொம்மையை இறக்கிவிட்டு, உள்வாக்கியத்தில் இருந்த ஆளையே தூக்கி முன்னால் உட்கார வைக்கிறார்கள். அவர் செய்த செயல் தன் முழு வடிவை இழந்து ‘டு’வுக்குப் பின்னால் எச்சமாக நிற்கிறது. இப்போது நடப்பதென்றால் ‘டு பி’, முன்பே நடந்து முடிந்ததென்றால் ‘டு ஹேவ்’. காலத்தைக் காட்ட அவ்வளவுதான் மிச்சம்.

செய்வினையைச் செயப்பாட்டுவினையாக்கு, செயப்பாட்டைச் செய்வினையாக்கு என்று பள்ளிக்கூடத்தில் நம்மைப் பழக்கினார்கள். போன வழியே திரும்பி வரலாம் என்பது அந்தப் பயிற்சியின் நம்பிக்கை. ஆனால் ‘ஹீ இஸ் ஸெட் டு பி ரிச்’ என்பதைத் திருப்பி ‘தே ஸே ஹிம் டு பி ரிச்’ என்று எழுதினால் அது ஆங்கிலமே இல்லை. போன வழியே திரும்ப முடியாது. வாக்கியத்தை உடைத்து ‘தே ஸே தட்’ என்று புதிதாகக் கட்டவேண்டும். ‘ரூமர்’ என்கிற வினை இன்னும் ஒரு படி மேலே போகிறது. இன்றைய ஆங்கிலத்தில் அது செயப்பாட்டில் மட்டும்தான் வாழ்கிறது. வதந்தி பரப்பப்படும், பரப்பியவர் கிடையாது. ‘பை’ போட்டுச் சொன்னவரைச் சேர்க்க இலக்கணம் அனுமதிக்கத்தான் செய்கிறது. ஆனால் சேர்க்காமல் இருப்பதற்காகத்தானே இந்த அமைப்பே!

2

தமிழில் என்ன நடக்கிறது? ‘அவர் தூண்டிவிட்டதாகக் கூறப்படுகிறது.’ ‘கூறப்படுகிறது’ அஃறிணை ஒருமை. ‘அவ’ரோடு அதற்கு ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. ‘அவர் தூண்டிவிட்டதாகக் கூறப்படுகிறார்’ என்று எழுதினால் காதில் இடறுகிறது. ஆகவே நம்முடைய ‘கூறப்படுகிறது’ ஆங்கிலத்தின் முதல் வகைக்கு, பொம்மை எழுவாய்க்கு, நெருக்கமானது. ஆனால் ‘கருது’ என்கிற வினையை எடுத்துக்கொண்டால் கதை மாறுகிறது: ‘அவர் தீவிரவாதியாகக் கருதப்படுகிறார்.’ இங்கே ஆளே எழுவாயாகிவிட்டார். கருதியவர் காணாமல் போய்விட்டார்.

‘படு’ ஆங்கிலத்திலிருந்து வந்ததல்ல. அது பழந்தமிழிலேயே உண்டு. செயப்படுபொருளையே செய்த கருத்தாவைப்போலச் சொல்லும் வழக்கைத் தொல்காப்பியரும் மரபென்று ஏற்றுக்கொள்கிறார். ஆனால் பேச்சில் நாம் ‘படு’வை அதிகம் தொடுவதில்லை. டீக்கடையில் யாரும் ‘கூறப்படுகிறது’ என்று பேசுவதில்லை. அங்கே இருப்பது ‘ஆம்’: ‘அவன்தான் தூண்டிவிட்டானாம்.’

இந்த ‘ஆம்’ எல்லைப் பகுதியில் தமிழின் தனிச்சொத்தும் அல்ல. ஜூஜூவாடியைத் தாண்டி அத்திப்பள்ளிக்குப் போகிற பஸ்ஸில் மூன்று மொழி கேட்கும். வந்தானாம் என்பதைக் கன்னடக்காரர் ‘பந்தனந்தெ’ என்பார். தெலுங்குக்காரர் ‘வச்சாடட’ என்பார். மூன்றிலும் வினையின் வாலில் ஒரு சின்ன ஒட்டு. ‘இது நான் பார்த்ததில்லை, கேட்டது’ என்று அது ஒப்புக்கொள்கிறது. ஒப்புக்கொண்டதுமே எதிரில் இருப்பவர் கேட்கலாம்: ‘யாருப்பா சொன்னது?’ ‘ஆம்’ இந்தக் கேள்விக்குக் கதவைத் திறந்து வைக்கிறது. கன்னடப் பத்திரிகையின் ‘என்னலாகிதெ’யும் தமிழ்ப் பத்திரிகையின் ‘எனக் கூறப்படுகிறது’வும் அதை மூடிவிடுகின்றன. பேச்சுமொழியில் ஒன்றாக இருக்கிற எல்லை, அச்சுக்கு ஏறும்போதும் ஒன்றாகத்தான் இருக்கிறது, வேறு விதமாக!

‘ஆம்’ அப்பாவி என்று சொல்லவரவில்லை. ‘ஓடிப்போயிட்டாளாம்’ என்கிற ஒரு சொல் சாதி மறுத்துக் காதலித்தவர்களை என்ன பாடுபடுத்தும் என்பது இந்த வட்டாரத்தில் எல்லோருக்கும் தெரியும். ஆனால் அதைச் சொன்ன வாயைத் தேடிப் பிடிக்க முடியும். ‘கூறப்படுகிறது’வுக்கு வாயே இல்லை.

3

இந்த இலக்கணம் எல்லோருக்கும் ஒரே மாதிரி வேலை செய்கிறதா? கிருஷ்ணகிரி 2004இல் தனி மாவட்டமாகும் வரை தருமபுரியோடு சேர்ந்திருந்தது. அந்தப் பழைய மாவட்டத்தின் அரூர்ப் பக்கம் இருக்கிறது வாச்சாத்தி. அங்கே மலைவாழ் மக்கள் சந்தனக்கட்டை பதுக்கிவைத்திருப்பதாகச் சொல்லப்பட்டது. யார் சொன்னார்கள், எப்போது சொன்னார்கள் என்பதெல்லாம் பிறகு. 1992 ஜூன் 20 அன்று வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறை ஆட்கள் ஊருக்குள் நுழைந்தார்கள். வீடுகளை உடைத்தார்கள். 18 பெண்களைப் பாலியல் வன்கொடுமை செய்தார்கள். ஒரு ‘பதுக்கியிருப்பதாக’ செயலாக மாற அதிக நாள் பிடிக்கவில்லை.

பிறகு அந்தப் பெண்கள் சொன்னார்கள். பெயரோடு, வாயோடு சொன்னார்கள். அது ‘கூறப்படுகிறது’ ஆனது, ‘குற்றஞ்சாட்டப்படுகிறது’ ஆனது. தமிழ்நாடு மலைவாழ் மக்கள் சங்கமும் மார்க்சிஸ்ட் கட்சியும் விடாமல் போராட, 1995இல் வழக்கு சி.பி.ஐ. கைக்குப் போனது. 269 பேர் மீது குற்றச்சாட்டு. 2011 செப்டம்பர் 29 அன்று தருமபுரி நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னபோது அவர்களில் 54 பேர் இறந்துபோயிருந்தார்கள். மிஞ்சிய 215 பேரும் குற்றவாளிகள் என்றது நீதிமன்றம். 2023 செப்டம்பர் 29 அன்று சென்னை உயர் நீதிமன்றம் மேல்முறையீடுகளைத் தள்ளுபடி செய்தது. ‘செய்ததாகக் கூறப்படுகிறது’ என்பது ‘செய்தார்கள்’ ஆவதற்கு 19 வருஷம். அது உறுதியாக இன்னும் 12 வருஷம்.

தீர்ப்பு வரும்வரை ‘குற்றஞ்சாட்டப்பட்டவர்’ என்றுதான் எழுதவேண்டும் என்பது நியாயமான ஏற்பாடு. அதைக் கைவிடச் சொல்லவில்லை. அதிகாரம் சொன்ன ‘ததாக’வை ஒரே நாளில் உண்மையாக எடுத்துக்கொண்ட அரசு, ஆதிவாசிப் பெண்கள் சொன்னதை மட்டும் முப்பது வருஷம் ‘ததாக’விலேயே நிறுத்திவைத்ததே, அதைத்தான் கவனிக்கச் சொல்கிறோம். இலக்கணம் ஒன்று, வேகம் இரண்டு.

4

மறைந்திருக்கிறவரை வெளியே கூப்பிடும் வழி சட்டத்திலும் இருக்கிறது. 1963இல் மீன்கிளாஸ் தேயிலைத் தோட்ட வழக்கில் உச்ச நீதிமன்றம், குற்றச்சாட்டை நிரூபிக்கும் சாட்சிகளைத் தொழிலாளியின் முன்னிலையில் விசாரிக்காத உள்விசாரணை விசாரணையே ஆகாது என்றது. அதே வருஷம் கேசோராம் பஞ்சாலை வழக்கில், முன்கூட்டியே பதிவான வாக்குமூலங்களைப் பயன்படுத்துவதென்றால் குறைந்தது இரண்டு நாள் முன்பாவது அவற்றின் நகலைத் தொழிலாளிக்குத் தரவேண்டும் என்றது. இலக்கணமாகச் சொன்னால், ‘தெரியவருகிறது’ என்று எழுதியவரைச் செய்வினைக்குத் திரும்பிப் போகச் சொல்கிறது நீதிமன்றம். ஆகவே அந்தக் கடிதத்துக்குப் பதில் எழுதுகிற தோழர் ‘நான் தூண்டவில்லை’ என்று தொடங்குவதற்கு முன்னால் கேட்கவேண்டிய முதல் கேள்வி, டீக்கடைக் கேள்விதான்: யார் சொன்னது? எப்போது, யாரிடம் சொன்னார்? எழுத்தில் இருக்கிறதா?

5

நம் துண்டறிக்கைகளும் இந்த நோய்க்குத் தப்பவில்லை. ‘தொழிலாளர்கள் வஞ்சிக்கப்படுகிறார்கள்’, ‘நிலம் பறிக்கப்படுகிறது’ என்று எழுதுகிறோம். வஞ்சிக்கிறவருக்கும் பறிக்கிறவருக்கும் அதில் வசதியான இருட்டு கிடைக்கிறது.

செய்தி தந்த தொழிலாளியின் வேலை போய்விடும், அதனால்தான் ‘கூறப்படுகிறது’ என்று போடுகிறோம் என்பார்கள் சிலர். அவரைக் காப்பாற்றத்தான் வேண்டும். ஆனால் ஒருவரின் பெயரை மறைப்பது வேறு, அவர் பேசினார் என்பதையே மறைப்பது வேறு. ‘பெயின்ட் ஷாப்பில் வேலை பார்க்கும் ஒரு ஒப்பந்தத் தொழிலாளி சொன்னார், பெயரைத் தரவில்லை’ என்று எழுதலாம். துறையைச் சொன்னாலே ஆள் மாட்டிக்கொள்வார் என்றால் அதையும் விட்டுவிட்டு ‘ஒரு தொழிலாளி எங்களிடம் சொன்னார்’ என்று எழுதலாம். அப்போதும் வாக்கியத்தில் ஒரு மனிதர் இருக்கிறார், கேட்ட நாமும் இருக்கிறோம், பொறுப்பும் இருக்கிறது. ‘கூறப்படுகிறது’வில் இந்த மூன்றுமே இல்லை. ஆளும் வர்க்கத்துக்கு அந்த இல்லாமை தேவைப்படுகிறது. நமக்கு எதற்கு?